பூட்டிய பாட்டு

கிங்ஸ்டன் சீலா மீனைப் பொரித்துக்கொண்டே தன் மனைவியின் பாட்டை முணுமுணுத்தான். நல்ல மெட்டுதான். இழைந்து இழைந்து இறங்கி, கடைசியில் ஒரு தாலாட்டில் போய் முடிந்தது. சிக்கல் என்னவென்றால், ரெக்ஸலின் அப்படி ஒரு பாட்டை வாழ்நாளில் பாடியதே கிடையாது.

ரெக்ஸலின் பாடியது ஹெவி மெட்டல். தூத்துக்குடியில் ‘கொடுங்காற்று’ என்ற குழுவில் உறுமுகிறவள் அவள்தான். அந்த வேலைக்கு வேறு நல்ல பெயர் எதுவும் இல்லை. அடிவயிற்றிலிருந்து காற்றை எக்கி, தொண்டையில் உரசவிட்டு, கப்பல் சங்குக்கும் கோபக்கார எருமைக்கும் நடுவில் ஒரு குரலை எடுப்பாள். அதற்காகத் தினமும் காலையில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பயிற்சி செய்வாள். இவ்வளவு பாடுபட்டு அவள் உறுமியதைத்தான் அவள் புருஷன் தாலாட்டாக முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

தப்பு அவன்மேல் இல்லை, அவன் காதில் இருந்த இதமிமேல்.

கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. காதுக்குள் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற எந்த இசையையும் ஆளுக்கு ஏற்ற மாதிரி உருமாற்றித் தரும். வேகம் பிடிக்காதவருக்கு வேகத்தைக் குறைக்கும். கிட்டார் பிடிக்காதவருக்கு அதை வீணையாக்கும். குரல் கரகரத்தால் தேன் தடவும். இதமி வந்து ஏறக்குறைய ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் யாரும் பிடிக்காத பாட்டு என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. கல்யாண வீட்டில் பாட்டை மாற்றச் சொல்லிச் சண்டை கிடையாது. பஸ்ஸில் டிரைவர் போடுகிற பாட்டைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஊர்ப்பட்ட இசை விமர்சகர்களெல்லாம் கடையைக் கட்டிவிட்டு ரியல் எஸ்டேட்டுக்குப் போனார்கள். வெளிவந்த ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து நட்சத்திரம். ரெக்ஸலினுக்கும் ஐந்துதான். முந்தாநாள் பாட ஆரம்பித்த பொடியனுக்கும் அதே ஐந்துதான்.

இதை எல்லோரும் சுகமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ரெக்ஸலினால் மட்டும் முடியவில்லை. ஏனென்றால் கிங்ஸ்டன் அவளைக் கட்டிக்கொண்டதே அந்தக் குரலுக்காகத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அவள் குழுவின் முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் தேடிவந்து, “இப்படி ஒரு குரலுக்குப் பக்கத்துல காலத்தைத் தள்ளிரலாம்னு தோணிச்சு” என்று சொன்னான். அவளும் உருகித்தான் போனாள். கல்யாணமான மறுவாரம் அவன் அந்தப் பாட்டை முணுமுணுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து இதே கேள்விகள்தான். இவன் கட்டிக்கொண்டது யாரை? எந்தக் குரலுக்குப் பக்கத்தில் இவன் இவ்வளவு காலமும் தூங்கி எழுந்தான்? நிஜக் குரலைக் கேட்டால் இருப்பானா, ஓடுவானா? இதை யாரிடம் கேட்பது? அவனிடம் கேட்டால் “உன் குரலுக்கு என்னட்டி கொறச்சல்” என்பான், தாலாட்டைக் கேட்டவனாக.

இந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து சென்னியப்பன் கூப்பிட்டான். அவன் ‘உலைக்களம்’ என்ற குழுவின் கிட்டார்க்காரன். வார்ப்பட ஆலையில் வேலை. இரண்டு குழுவும் பல வருஷமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தவை. அதுவும் பழக்கதோஷத்தில் முறைத்தது. ஒருவர் பாட்டை மற்றவர் குறை சொல்ல வழியில்லையே.

“ஏனுங்கக்கா, நான் ஒரு பூட்டுக் கண்டுபிடிச்சிருக்கனுங்க” என்றான். “பாட்டுக்குப் பூட்டு. பூட்டிப்போட்டா இதமி அதத் தொடவே முடியாதுங்க. நீங்க பாடுனது அப்புடியே, பச்சையா, அத்தன பேருக்கும் ஒரே மாதிரி கேக்கும். நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆல்பம் போடலாமுங்களா?”

ரெக்ஸலின் யோசிக்கவே இல்லை. “போடுவோம் தம்பி” என்றுவிட்டாள். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. கிங்ஸ்டனும் கேட்பானே!

ஆல்பத்துக்கு ‘உப்பும் கரியும்’ என்று பெயர் வைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து குரலும் ட்ரம்ஸும், கோயம்புத்தூரிலிருந்து கிட்டார்களும். அவர்கள் அனுப்பியதை இவர்கள் கேட்டு அதற்கு ட்ரம்ஸ் அடித்து அனுப்ப, அதைக் கேட்டு அவர்கள் மேலும் கிட்டார் சேர்க்க, மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. இரண்டு பக்கமும் ஒரே பாராட்டு. “உங்க ட்ரம்ஸு எங்க கிட்டாரோட அப்படியே பசை போட்ட மாதிரி ஒட்டுதுங்க” என்றான் சென்னியப்பன். கடைசியில் பூட்டைப் போட்டான். பூட்டியபின் யாரும் முன்கூட்டிக் கேட்கக்கூடாது, மதுரையில் வெளியீட்டு அன்று எல்லோரும் ஒன்றாகத்தான் கேட்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டான். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

மதுரையில் அரங்கம் நிரம்பியிருந்தது. கிங்ஸ்டன் மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு, பெருமையாக உட்கார்ந்திருந்தான். ரெக்ஸலின் மேடை ஓரத்தில் நின்று அவன் முகத்தை மட்டும் பார்த்தாள்.

முதல் பாட்டு தொடங்கிய மாத்திரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கிட்டார் ஒரு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது, ட்ரம்ஸ் வேறொரு ஊருக்கு. சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். அவன் முகம் அரைத்த சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது. அவர்கள் பாட்டை உலகத்துக்குப் பூட்டினார்கள், சரி. தயாரிக்கும்போது தங்கள் காதிலிருந்த இதமியை யார் கழற்றினார்கள்? ரெக்ஸலின் உறுமும் நேரத்தில் மட்டும், அதிர்ந்து விழுந்துவிடுமென்று கழற்றுவாள். மற்றபடி, பல்லைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடலாமென்று யாருக்குத் தோன்றும்? தூத்துக்குடிக்காரர்கள் தங்கள் மனசுக்குப் பிடித்த மாதிரி மாறிவந்த கிட்டாருக்கு ட்ரம்ஸ் அடித்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் தங்கள் மனசுக்குப் பிடித்த ட்ரம்ஸுக்குக் கிட்டார் வாசித்திருந்தார்கள். நிஜத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. நாலாவது பாட்டு எல்லாவற்றிலும் மோசம். அதில் இரண்டும் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டன.

கூட்டத்தில் சிலர் எழுந்துபோனார்கள். சிலர் காதைப் பொத்தினார்கள். ஒரு பெண் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கிங்ஸ்டன் அசையவில்லை. முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

முடிந்ததும் கூட்டம் மேடைக்கு ஏறியது. அப்போதுதான் அதிசயம் நடந்தது. ஒரு பெரியவர் சிரித்த முகத்தோடு ரெக்ஸலினின் கையைப் பிடித்துக் குலுக்கி, “கர்ணகொடூரம்மா! ஆனா ரெண்டாவது பாட்டுல ஒரு உண்மை இருக்கு” என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், “அதெப்படிச் சொல்லலாம், ரெண்டாவதுதான் படுமோசம்” என்று சண்டைக்கு வந்தார். யாரோ ட்ரம்ஸ் பிரமாதம் என்றார்கள், யாரோ ட்ரம்ஸ்காரனை உதைக்கவேண்டும் என்றார்கள். ரெக்ஸலினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிழையோடுதான் போட்டோம், ஆனாலும் மனுஷர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள்! நிஜமாகக் கேட்டுவிட்டு, நிஜமாக அடித்துக்கொள்கிறார்கள்!

மதுரையிலிருந்து திரும்பும் பஸ் கோவில்பட்டியைத் தாண்டியது. கிங்ஸ்டன் தானாகவே சொன்னான்.

“உண்மையச் சொல்லட்டா? பாதி எனக்குப் பிடிக்கல. உன் குரலு நான் நெனச்சிருந்த குரலே இல்ல. ஆனா மூணாவது பாட்டுல, உறுமி முடிச்சிட்டு ஒரு மூச்சு இழுக்க பாரு, அந்த ஒரு எடம். அதுல நீ இருக்கட்டி. அது போதும் எனக்கு.”

அந்த மூச்சு ரெக்ஸலினுக்கே ரகசியமாகப் பிடித்த இடம். யாரிடமும் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. அவன் ஓடவும் இல்லை.

அதன்பிறகு ஒரே கொண்டாட்டம்தான். ‘உப்பும் கரியும்’ நாடு முழுக்கச் சண்டையைக் கிளப்பியது. டீக்கடைகளில் பெஞ்சு போதவில்லை. காதோடு செய்தி கேட்டுப் பழகிவிட்ட ஜனங்கள் எழுத்தில் வருவதைப் படித்து வெகுகாலம் ஆகியிருந்ததால், வானொலியில் தினமும் மாலை விவாதம் வைத்தார்கள். ரியல் எஸ்டேட்டுக்குப் போயிருந்த விமர்சகர்களைத் தேடிப்பிடித்து மறுபடி உட்காரவைத்தார்கள். ‘கலவையான வரவேற்பு’ என்ற சொல்லை நிலையத்துக்காரர் எங்கிருந்தோ தூசிதட்டி எடுத்துவந்தார். ரெக்ஸலின் வீட்டிலும் சண்டைக்குப் பஞ்சமில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே ஐந்தாவது பாட்டின் முடிவைப் பற்றி ஆரம்பித்தால், கிங்ஸ்டன் ஒன்று சொல்ல, அவள் மறுக்க, அவன் மடக்க, வேலைக்குப் போகும்வரை நீளும். எப்போதும் சரியான இடத்தில் குத்துவான், சரியான இடத்தில் விட்டுக்கொடுப்பான். புருஷனோடு புதுசாகக் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த மூச்சையே நடுவில் வைத்து அடுத்த பாட்டைக்கூட எழுத ஆரம்பித்துவிட்டாள்.

சென்னியப்பன் கூப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வந்து ரெக்ஸலின் முக்காட்டை மடித்துக்கொண்டிருந்தாள். கிங்ஸ்டன் சமையல்கட்டில் இருந்தான்.

“அக்கா, மொதல்ல காதுல இருக்கறதக் கழட்டுங்க. கழட்டிட்டு ஃபோனக் காதுல வெய்யுங்க. அப்பறந்தான் பேசுவேன்.”

கழற்றி மேசைமேல் வைத்தாள். “என்ன தம்பி?”

“நேத்து சனிக்கிழமைங்களா, எண்ணெ தேச்சுக் குளிக்க இதமியக் கழட்டி வெச்சிருந்தனுங்க. வெளியில வானொலி ஓடிட்டு இருந்துச்சு. நம்ம ஆல்பத்தப் பத்தி நாலு பேரு விவாதம். தெனமும் அடிச்சுக்குவாங்களே, அதே நாலு பேரு. கேட்டா, ஒருத்தருமே சண்ட போடலீங்க! ‘அருமை’ன்றாரு ஒருத்தரு. ‘அற்புதம்’ன்றாரு இன்னொருத்தரு. ‘நீங்க சொன்னது ரொம்பச் சரி’ன்றாரு மூணாவது ஆளு. அர மணி நேரம் இதையேதானுங்க சொல்றாங்க. எண்ணெயோட ஓடிப்போயி இதமிய மாட்டிக் கேட்டேன். மாட்டுனா சண்ட. கழட்டுனா அருமை.”

ரெக்ஸலின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

அவன் விளக்கிச் சொன்னான். இதமிக்கு எல்லோரும் ஒரு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், ‘இசையும் இசை சார்ந்த ஒலிகளும்’ என்று. பாட்டைப் பற்றிய பேச்சும் இசை சார்ந்த ஒலிதானே? பாட்டைத் தொட முடியாதபடி இவர்கள் பூட்டியதும், இதமி தன் கடமையைச் செய்ய வேறு இடம் தேடிப் பேச்சில் புகுந்துகொண்டது. ஊர் ஜனங்களுக்கோ ஒரு தலைமுறையாக ‘அருமை’ என்று சொல்லிச் சொல்லி வேறு வார்த்தையே மறந்துபோயிருந்தது. பிடிக்காதவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கேட்கிறவர் உள்ளுக்குள் எதற்கு ஏங்கினாரோ, அந்தச் சொல்லை இதமி அவர் காதில் போட்டது. இவ்வளவு காலம் இனித்துச் சலித்திருந்த ஜனங்கள் ஏங்கியது ஒரு நல்ல சண்டைக்கு.

“அப்ப ஊருக்குச் சொல்லிருவோம் தம்பி.”

“சொல்லிட்டனுங்க! காலையிலதான் வானொலியில போயி எல்லாத்தையும் ஒடச்சுச் சொல்லிட்டு வந்தேன். இப்ப ஆளாளுக்குக் கூப்புட்டுப் பாராட்டறாங்க. நான் என்ன சொன்னேன்னு கேட்டா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எங்கம்மா மட்டும், எனக்குப் பொண்ணு பாக்கச் சம்மதிச்சுட்டேன்னு சந்தோசமா இருக்காங்க.”

சிரிக்கலாமா என்றே ரெக்ஸலினுக்குத் தெரியவில்லை. மனசு கோவில்பட்டி பஸ்ஸுக்குப் போய்விட்டது. பாதி பிடிக்கவில்லை என்றானே. அந்த மூச்சைச் சொன்னானே. அவளுக்கு மட்டும் தெரிந்த அந்த இடம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு தடவைகூட அவள் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள். அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று முழுசாகத் தெரிந்தது இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது மேசைமேல் கிடந்தது.

சமையல்கட்டுக்குப் போனாள். கிங்ஸ்டன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லாமல் அவன் காதிலிருந்த இதமியைப் பிடுங்கினாள்.

“ஏட்டி, என்ன?”

“மதுரையிலருந்து வரும்போது பஸ்ல என்ன சொன்னிய?”

“என்ன சொன்னேன்? நல்லாருந்துச்சுன்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அருமையா இருந்துச்சுன்னும் சொன்னேன்.”

“பெறகு தெனமும் காலைல நாம சண்ட போட்டமே, அஞ்சாவது பாட்டப் பத்தி?”

கிங்ஸ்டன் வெங்காயத்தைக் கீழே வைத்தான். “சண்டையா? நீ தெனமும் ‘ரொம்ப சந்தோசங்க, ரொம்ப சந்தோசங்க’ன்னுதான சொல்லிட்டிருந்த? இவ்வளவு அமைதியான பொம்பளையா மாறிட்டாளேன்னு நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்.”

நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். அவன் வாயைப் பிளந்து கேட்டான். பிறகு அவள் அலமாரிமேல் இருந்த ஒலிபெருக்கியை எடுத்துவந்து அடுப்புத் திட்டில் வைத்தாள்.

“இப்பக் கேளுங்க. கேட்டுட்டு உங்க வாயால சொல்லணும். மறுபடி அருமைன்னு சொன்னிய, அவ்வளவுதான்.”

மூன்றாவது பாட்டைப் போட்டாள். உறுமல் ஓய்ந்தது. அந்த மூச்சு வந்தது. கிங்ஸ்டனின் முகம் சுருங்கியது.

“சொல்லுங்க.”

அவன் வார்த்தையைத் தேடினான். பழக்கமில்லாத வேலை, வியர்த்துவிட்டது. “இந்த எடம்... இங்கன ஏன் இப்படி இரைக்கி? ஆஸ்துமா வந்த மாரில்லா இருக்கு. இத வெட்டிருக்கலாம்.”

மாசக்கணக்கில் குத்திய இதமியின் குத்தெல்லாம் எவ்வளவு பதமாக இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இது பதம் பார்க்காமல் விழுந்தது. அவள் கை தன்னாலே, மேசைமேல் விட்டுவந்த இதமியின் பக்கம் நீண்டது.

“என் குரலு?” என்றாள், கையை இழுத்துக்கொண்டு.

“பயமா இருக்குட்டி. மதுரையில எந்திரிச்சு ஓடிரலாமான்னு வந்துச்சு.”

“ஏன் ஓடல?”

“ஓடுனா நீ எப்படி வீட்டுக்கு வருவ? ரெண்டு பேருக்கும் சேத்துல்லா டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் நாலாவது பாட்டு தொடங்கிவிட்டது. அந்தப் பாட்டு. ரெக்ஸலின் பதறி நிறுத்தப் போனாள். கிங்ஸ்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கிட்டாரும் ட்ரம்ஸும் எதிரெதிரே வந்தன, முட்டின, சிதறின. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“இதான்” என்றான். “இது நல்லாருக்கு. ரெண்டு கிரேன் ஒரே கப்பல்ல ஒரே நேரத்துல எறங்கும்போது எனக்கு வயித்துல ஒண்ணு ஓடும். அதேதான் இது. ஆல்பத்துல இது ஒண்ணுதான் பாட்டு.”

“அது பிழைங்க! நாங்க இதமிய மாட்டிக்கிட்டு வாசிச்ச கூத்து அது! அதுல தாளமே இல்ல!”

“இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு.”

“தப்பா இருக்குன்னு சொல்லுதேன், பிடிச்சிருக்குன்னு சொல்லுதிய?” ரெக்ஸலினுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பாடுபட்டுப் பாடியது ஆஸ்துமாவாம், தெரியாமல் முட்டிக்கொண்டது பாட்டாம். “உங்களுக்கு ரசனைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

கிங்ஸ்டன் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி, நாலாவது பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தான்.

“இருக்குன்னு இன்னைக்குத்தான்ட்டி தெரியுது” என்றான்.